மூன்றரை வட்டியும் முதல் கார்டும்

வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதமான மகன், ஊரில் வட்டிக்கு விடுகிற ஒருவரிடம் மாதம் மூன்றரை வட்டிக்கு ஒரு லட்சம் ரூபாய் வாங்கி வந்துவிட்டான் என்று வைத்துக்கொள்வோம். அன்றிரவு அந்த வீட்டில் யாரும் சாப்பிட மாட்டார்கள். அம்மா வளையலைக் கழற்றிக் கொடுத்தாவது கடனை உடனே அடைக்கச் சொல்வார். நூற்றுக்கு மூன்றரை என்றால் ஆண்டுக்கு 42 சதவீதம். அஞ்சு வட்டி, பத்து வட்டி, மீட்டர் வட்டி எல்லாம் பார்த்த தமிழ்நாட்டில் இந்தக் கணக்கை யாருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

அதே மகனுக்கு வங்கியிலிருந்து கிரெடிட் கார்டு வந்தால் வீடு மகிழ்கிறது. ஒரு லட்சம் லிமிட் என்றால் அக்கம்பக்கத்தில்கூடச் சொல்கிறார்கள். இந்தியாவில் சாதாரணமாகப் புழங்கும் பல கிரெடிட் கார்டுகளின் வட்டி மாதம் 3.5 முதல் 3.75 சதவீதம். அதாவது மூன்றரை வட்டிக்குக் குறையாது. இதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. வேறு. வீட்டுக் கடன், நகைக் கடன், தனிநபர் கடன் ஆகியவற்றின் வட்டிக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. கார்டு வட்டிக்கு மட்டும் உண்டு. எல்லாம் சேர்ந்தால் நான்கு வட்டியைத் தாண்டிவிடும்.

இவ்வளவு சொன்ன பிறகும், சம்பாதிக்கத் தொடங்கிய ஒருவர் ஒரு கிரெடிட் கார்டு வைத்திருப்பது நல்லது என்றே சொல்வேன். பில்லை ஒரு ரூபாய் பாக்கியில்லாமல் கெடுவுக்குள் கட்டுகிறவருக்கு வட்டி பூஜ்யம். நாளைக்கு வீட்டுக் கடன் கேட்டுப் போகும்போது காட்ட ஒரு கடன் வரலாறு உருவாகிறது. எங்காவது மோசடி நடந்தால் சேமிப்புக் கணக்கிலிருக்கும் நம் பணம் நேரடியாகப் போவதில்லை. ஒரே கார்டு ஒருவருக்கு வட்டியில்லாக் கைமாற்று, இன்னொருவருக்கு நான்கு வட்டிக் கடன். இரண்டுக்கும் நடுவில் இருப்பது ஒரு தேதி மட்டும்தான்.

அதனால் முதல் கார்டைத் தேடும்போது, அது என்னென்ன தரும் என்று பார்ப்பது இரண்டாவது வேலை. கை இறுக்கமான ஒரு மாதத்தில் அது நம்மிடமிருந்து எவ்வளவு எடுக்கும் என்பதுதான் முதலில் தெரிய வேண்டும்.

ஒரு போன், ஒரு பில்

கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். ஒரு கார்டின் பில் ஒவ்வொரு மாதமும் 5-ஆம் தேதி போடப்படுகிறது. பணம் கட்டக் கடைசி நாள் 25. ஜூன் 10-ஆம் தேதி 30,000 ரூபாய்க்கு ஒரு போன் வாங்குகிறார் ஒருவர். ஜூலை 5-இல் பில் வருகிறது, ஜூலை 25-க்குள் முழுத் தொகையும் கட்டிவிடுகிறார். 45 நாள் வங்கியின் பணத்தை வைத்திருந்தும் ஒரு பைசா வட்டி இல்லை. ஜூன் 6-ஆம் தேதி வாங்கியிருந்தால் 49 நாள் கிடைத்திருக்கும். ஜூலை 5-இல் வாங்கியிருந்தால் வெறும் 20 நாள். "50 நாள் வரை வட்டியில்லை" என்று விளம்பரம் செய்யும்போது அந்த 'வரை'யை இப்படித்தான் படிக்க வேண்டும்.

இப்போது அதே ஆள் ஜூலையில் முழுத் தொகையைக் கட்ட முடியாமல் 'மினிமம் டியூ' மட்டும் கட்டுகிறார். பொதுவாக அது பில் தொகையில் 5 சதவீதம், இங்கே 1,500 ரூபாய். பாக்கி 28,500-க்குத்தானே வட்டி, அதுவும் ஜூலை 25-க்குப் பிறகுதானே என்று நினைப்பார். அப்படியில்லை. வட்டி போன் வாங்கிய ஜூன் 10-லிருந்தே ஓடத் தொடங்கிவிடும். முழு 30,000-க்கு 45 நாள் வட்டி சுமார் 1,553 ரூபாய். பிறகு 28,500-க்கு அடுத்த பில் தேதிவரை 11 நாள் வட்டி சுமார் 361. இரண்டுக்கும் ஜி.எஸ்.டி. சுமார் 345. மொத்தம் ஏறக்குறைய 2,259 ரூபாய்.

கட்டியது 1,500. ஏறியது 2,259. ஆகஸ்ட் 5-ஆம் தேதி பில்லில் அவர் தர வேண்டியது 30,759 ரூபாய். பணம் கட்டிய பிறகும் கடன் கூடியிருக்கிறது. அடுத்த மாத மினிமம் டியூவில் இந்த வட்டியும் வரியும் முழுசாகச் சேர்ந்துகொள்வதால் அது 3,600 ரூபாயைத் தாண்டும். முந்தின மாதம் 1,500 கட்டவே திணறியவருக்கு இப்போது அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் கேட்கிறது பில்.

இதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. பாக்கி நிற்கும்வரை புதிதாக வாங்கும் எதற்கும் வட்டியில்லா நாட்கள் கிடையாது. ஆகஸ்டில் மளிகைக் கடையில் கார்டைத் தேய்த்தால் பருப்புக்கும் எண்ணெய்க்கும் அன்றைக்கே வட்டி ஓடத் தொடங்கும். மினிமம் டியூ கட்டினால் தாமதக் கட்டணம் வராது, கெட்ட பெயர் வராது, வசூல்காரர் போன் வராது. அதனால்தான் ஆயிரக்கணக்கில் வட்டி போய்க்கொண்டிருப்பதே தெரியாமல் பலர் மாதக்கணக்கில் அதை மட்டும் கட்டிவருகிறார்கள். குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டினால் கடன் தீர மாதங்களோ ஆண்டுகளோ ஆகும், வட்டி கூட்டுவட்டியாக ஏறும் என்ற எச்சரிக்கையைப் பில்லில் அச்சிட வேண்டும் என்று ரிசர்வ் வங்கி கட்டளையிட்டிருக்கிறது. பில்லை ஆப்பில் திறந்து தொகையை மட்டும் பார்த்து மூடிவிடுகிறவர் கண்ணில் அந்த எச்சரிக்கை படுவதில்லை.

இவ்வளவு வட்டியைச் சட்டம் தடுக்காதா? தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-இல் தடுக்கப் பார்த்தது. கெடு தவறிய கார்டுக் கடனுக்கு ஆண்டுக்கு 30 சதவீதத்துக்கு மேல் வாங்குவது நியாயமற்ற வணிக முறை என்று தீர்ப்பளித்தது. வங்கிகள் மேல்முறையீடு செய்தன. 2024 டிசம்பர் 20-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. வங்கி வாங்கும் வட்டி மிக அதிகம் என்ற காரணத்துக்காக ஒரு கடன் பரிவர்த்தனையை நீதிமன்றம் மறுபடி ஆராயக் கூடாது என்று வங்கி ஒழுங்குமுறைச் சட்டத்தின் 21ஏ பிரிவும் சொல்கிறது. ஆக, கந்துவட்டிக்காரருக்கு எதிராகப் போலீசுக்குப் போகிற வழி இங்கே இல்லை. கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் வட்டி விகிதத்தைப் படிப்பது ஒன்றுதான் நமக்கிருக்கும் பாதுகாப்பு.

முதலில் கேட்க வேண்டிய காகிதம்

விண்ணப்பத்தோடு ஒரு பக்கத்தில் முக்கிய விவரங்களைத் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கியின் விதிகள் சொல்கின்றன. வட்டி எவ்வளவு, ஆண்டுக் கட்டணம் எவ்வளவு, மற்ற கட்டணங்கள் என்னென்ன என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். விற்க வருபவர் பளபளக்கும் அட்டையை நீட்டுவார். இந்தக் காகிதத்தை நாம்தான் கேட்டு வாங்க வேண்டும்.

அதில் முதலில் ஆண்டுக் கட்டணத்தைப் பாருங்கள். முதல் கார்டுக்குக் கட்டணமே கூடாது என்பது என் உறுதியான எண்ணம். "வருஷத்துக்கு இரண்டு லட்சம் செலவு செய்தால் கட்டணம் ரத்து" என்பதை நம்பி வாங்குகிறவர், வருஷக் கடைசி வந்ததும் அந்த இரண்டு லட்சத்தை எட்டத் தேவையில்லாத பொருளைத் தேடி வாங்குவார். "முதல் வருஷம் இலவசம்" என்பதும் "ஆயுள் முழுக்க இலவசம்" என்பதும் வேறு வேறு. எது என்று எழுத்தில் இருக்க வேண்டும்.

அடுத்து ஏ.டி.எம்-மில் பணம் எடுக்கும் கட்டணம். கார்டைப் போட்டுப் பணம் எடுத்தால் எடுத்த நிமிடத்திலிருந்தே வட்டி, அதற்கு மேல் ஒரு கட்டணம், பெரும்பாலும் 2.5 சதவீதம் அல்லது குறைந்தது 500 ரூபாய். 2,000 ரூபாய் எடுக்க 500 ரூபாய் கொடுப்பதென்றால் அது நூற்றுக்கு இருபத்தைந்து. இந்தக் கார்டில் அந்த வசதி இருப்பதையே மறந்துவிடுவது நல்லது. வெளிநாட்டு இணையதளத்தில் வாங்குகிறவர்கள் அந்நிய நாணயக் கட்டணத்தையும் பார்க்க வேண்டும். சாதாரணக் கார்டுகளில் அது 3.5 சதவீதம் வரை போகும்.

ரிவார்டு பாயின்ட், கேஷ்பேக், விமான நிலைய லவுஞ்ச் பற்றியெல்லாம் அதிகம் எழுத எனக்கு மனமில்லை. மாதம் 10,000 ரூபாய் கார்டில் செலவழித்து 1 சதவீதம் திரும்பக் கிடைத்தால் ஆண்டுக்கு 1,200 ரூபாய். மேலே போட்ட கணக்கில் ஒரே மாதம் தவறியதற்குப் போனது 2,259. கிட்டத்தட்ட இரண்டு ஆண்டுப் பாயின்ட் ஒரு பில்லில் கரைந்துவிட்டது. ஓரிரு ஆண்டு ஒழுங்காகக் கட்டிப் பழகிய பிறகு பாயின்ட் பார்த்து இரண்டாவது கார்டு எடுக்கலாம். முதல் கார்டுக்கு அது வேண்டாம்.

கல்விக் கடன் எழுதி வைத்த முதல் பக்கம்

கார்டுக்கு விண்ணப்பித்தால் வங்கி உடனே பார்ப்பது சிபில் ஸ்கோர். 300 முதல் 900 வரையிலான ஓர் எண். சிபில் தவிர எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹை மார்க் என்று இன்னும் மூன்று நிறுவனங்கள் இதே வேலையைச் செய்கின்றன. கடனே வாங்காதவருக்கு ஸ்கோர் இருக்காது. "எனக்குக் கடனே கிடையாது, எனக்கா கார்டு தர மாட்டேன் என்கிறார்கள்?" என்று நாணயமான மனிதர்கள் வருந்துவது இதனால்தான். வங்கிக்கு அவரைத் தெரியாது, அவ்வளவே.

ஆனால் தமிழ்நாட்டில் பட்டம் முடித்து வேலைக்கு வரும் பல இளைஞர்களுக்கு ஏற்கெனவே ஒரு கடன் வரலாறு இருக்கிறது. அதை எழுதியது கல்விக் கடன். படிப்புக் காலமும் அதன்பின் பொதுவாக ஓராண்டும் தவணை கட்ட வேண்டாம். அந்த ஓராண்டு முடிந்தும் வேலை கிடைக்காமலோ, கிடைத்தும் சம்பளம் போதாமலோ, தள்ளுபடி வரும் என்று யாரோ சொன்னதை நம்பியோ தவணை நின்றுபோயிருக்கும். அது மகன் பெயரிலும், கூட்டாகக் கையெழுத்திட்ட அப்பா பெயரிலும் பதிவாகிக்கொண்டே வந்திருக்கும். பிறகு கார்டு மறுக்கப்படும்போதுதான் விஷயமே தெரியவரும். ஆகையால் கார்டுக்கு விண்ணப்பிக்கும் முன் சொந்த அறிக்கையை எடுத்துப் பாருங்கள். நான்கு நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒரு முறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். நாமே எடுத்துப் பார்ப்பதால் ஸ்கோர் குறையாது. அதில் பழைய கல்விக் கடன் பாக்கி இருந்தால் கார்டை மறந்துவிட்டு முதலில் அந்த வங்கிக் கிளைக்குப் போங்கள்.

கார்டு கேட்டு ஒரே மாதத்தில் ஐந்து வங்கிகளில் விண்ணப்பிப்பது தவறு. ஒவ்வொரு விண்ணப்பமும் அறிக்கையில் பதிவாகும், பணத்துக்கு அலைகிறார் என்ற தோற்றத்தைத் தரும். சம்பளக் கணக்கு இருக்கும் வங்கியில் கேட்பதே முதல் வழி. உங்கள் வரவு செலவை அது பார்த்துக்கொண்டிருக்கிறது.

சம்பளச் சீட்டே இல்லாதவர்களும் இருக்கிறார்களே. திருப்பூரில் பீஸ் ரேட்டுக்குத் தைப்பவர், வீட்டிலிருந்தபடி டியூஷன் எடுப்பவர், ஆட்டோ ஓட்டுபவர், குடும்பத்தைக் கவனிக்கும் பெண்கள். இவர்களுக்கு எஃப்.டி. மீது தரப்படும் கார்டு இருக்கிறது. பத்துப் பதினைந்தாயிரம் ரூபாய் டெபாசிட்டுக்கே கார்டு தரும் வங்கிகள் உண்டு. டெபாசிட் தொகையில் பெரும்பங்கு லிமிட்டாகக் கிடைக்கும், டெபாசிட்டுக்கு வட்டியும் வந்துகொண்டிருக்கும். கட்டத் தவறினால் வங்கி டெபாசிட்டில் கைவைக்கும். சம்பளம் வாங்குகிறவருக்குக்கூட முதல் கார்டாக இதையே பரிந்துரைப்பேன். லிமிட் நம் சேமிப்புக்குள் அடங்கியிருப்பதால், வேலை போனாலும் தலைக்கு மேல் போகிற கடனாக அது வளராது.

கணவரின் கார்டோடு சேர்த்துத் தரும் 'ஆட்-ஆன்' கார்டை வைத்திருக்கும் பெண்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். அந்தக் கடனுக்குப் பொறுப்பு முதன்மைக் கார்டுதாரர்தான். பத்தாண்டு ஒழுங்காகச் செலவழித்துக் கட்டியிருந்தாலும் அந்த நற்பெயர் அவர் கணக்கிலேயே சேரும். தன் பெயரில் ஒரு கடன் வரலாறு வேண்டுமென்றால், தன் பெயரில் சின்ன எஃப்.டி. போட்டுத் தனிக் கார்டு எடுப்பதே வழி.

மாலில் நிற்கும் மேசை

1958 செப்டம்பரில் பேங்க் ஆஃப் அமெரிக்கா, கலிஃபோர்னியாவின் ஃபிரெஸ்னோ நகரில் சுமார் 60,000 பேருக்கு, யாரும் கேட்காமலேயே, கார்டுகளைத் தபாலில் அனுப்பிவைத்தது. இன்றைய விசாவின் தொடக்கம் அதுதான். கேட்காதவர் கையில் கார்டைத் திணிக்கும் பழக்கம் இந்தத் தொழிலோடு கூடப்பிறந்தது.

இந்தியாவில் இப்போது அதற்குத் தடை உண்டு. கேட்காமல் கார்டு அனுப்பிப் பணமும் பிடித்தால், பிடித்ததைத் திருப்பித் தருவதோடு அதைப்போல் இரு மடங்கு அபராதமும் வங்கி தர வேண்டும். வந்த கார்டை 30 நாளுக்கு மேல் இயக்காமல் வைத்திருந்தால், வங்கி ஓ.டி.பி. மூலம் சம்மதம் கேட்க வேண்டும், சம்மதம் வராவிட்டால் 7 வேலை நாளில் கணக்கை மூட வேண்டும். உங்கள் வெளிப்படையான சம்மதம் இல்லாமல் லிமிட்டை உயர்த்தக் கூடாது. இவ்வளவும் விதியில் இருந்தாலும் மாலிலும் விமான நிலையத்திலும் மேசை போட்டு நிற்கும் இளைஞருக்கு மாத இலக்கு இருக்கிறது. அவர்மேல் கோபம் வேண்டாம். ஆனால் நின்றபடியே அவர் டேப்லட்டில் கையெழுத்துப் போடவும் வேண்டாம், ஓ.டி.பி-யைச் சொல்லவும் வேண்டாம். கார்டோடு காப்பீடு ஒன்றையும் டிக் செய்து சேர்த்திருக்கிறார்களா என்று வீட்டில் உட்கார்ந்து பார்த்துவிட்டு விண்ணப்பியுங்கள்.

விசாவா, மாஸ்டர்கார்டா, ரூபேவா என்று தேர்வு செய்யும் உரிமையும் 2024 செப்டம்பரிலிருந்து பெரிய வங்கிகளின் வாடிக்கையாளர்களுக்கு வந்திருக்கிறது. ரூபே கிரெடிட் கார்டை யு.பி.ஐ. ஆப்பில் இணைத்துக் கடைகளில் ஸ்கேன் செய்து கட்டலாம். 2022-இலிருந்து இருக்கும் வசதி. ஸ்வைப் மெஷின் இல்லாத சிற்றூர்களில் பெரிய உதவிதான். ஆனால் முதல் ஆறு மாதம் அதை இணைக்காதீர்கள். டீ, சமோசா, பெட்ரோல், காய்கறி என்று நாளுக்கு நாலு முறை ஸ்கேன் செய்தால் மாதக் கடைசியில் வரும் பில் எதற்கென்றே நினைவிருக்காது. மாதம் இரண்டு மூன்று செலவை மட்டும், கரன்ட் பில், போன் ரீசார்ஜ் போல எப்படியும் செய்தாக வேண்டியதை மட்டும், கார்டில் வைத்துக்கொண்டால் போதும். வரலாறு உருவாக அதுவே தாராளம். லிமிட்டில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டாமல் இருப்பதும் ஸ்கோருக்கு நல்லது.

கார்டு கைக்கு வந்த அன்று

பில் தேதியையும் சம்பளத் தேதியையும் ஒத்துப்பாருங்கள். 1-ஆம் தேதி சம்பளம் வருகிறவருக்கு 28-ஆம் தேதி கெடு என்றால், பணம் கரைந்துபோன நேரத்தில் பில் வந்து நிற்கும். குறைந்தது ஒரு முறையாவது பில் தேதியை மாற்றிக்கொள்ள வாடிக்கையாளருக்கு வாய்ப்புத் தர வேண்டும் என்பது விதி. சம்பளம் வந்து நாலைந்து நாளுக்குள் கெடு வரும்படி மாற்றிக்கொள்ளுங்கள். பிறகு ஆட்டோ டெபிட் போடுங்கள். அங்கே 'மினிமம்', 'முழுத்தொகை' என்று இரண்டு கட்டம் இருக்கும். முழுத்தொகையைத் தேர்ந்தெடுக்காவிட்டால் மேலே பார்த்த போன் கணக்கு உங்கள் கணக்காகிவிடும். கெடு முடிந்து மூன்று நாள் தாண்டிய பிறகே தாமதக் கட்டணம் போடலாம் என்று விதி இருக்கிறது. அந்த மூன்று நாளை அவசரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள், வழக்கமாக்கிவிடாதீர்கள்.

இனி, நம் ஊரில் முதல் கார்டுக்காரர் எவரும் தப்ப முடியாத ஒரு சோதனை. "மச்சான், உன் கார்டுல ஒரு போன் போட்டுத் தா, மாசாமாசம் இ.எம்.ஐ. அனுப்பிடறேன்." கேட்பது உயிர் நண்பனாக இருக்கும், மாமா மகனாக இருக்கும், தங்கையின் மாப்பிள்ளையாகக்கூட இருக்கும். முதல் மூன்று மாதம் பணம் வரும். நாலாவது மாதம் "அடுத்த வாரம்" என்பார். கேட்டால் உறவு கெடும், கேட்காவிட்டால் சிபில் கெடும். ஐந்து நாள் கைமாற்றென்றால் கையிலிருக்கும் பணத்தைக் கொடுங்கள், போனால் அந்தப் பணத்தோடு போகட்டும். கார்டைக் கொடுத்தால் அவர் கட்டத் தவறிய கடனுக்கு நான்கு வட்டியை நீங்கள் கட்டுவீர்கள், அவருக்கு அது தெரியக்கூடச் செய்யாது. "கம்பெனியிலேயே கார்டை வாங்கி வைத்துக்கொண்டார்கள்" என்று பொய் சொல்லித் தப்பித்தாலும் தவறில்லை என்று நினைக்கிறேன்.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்களுக்கு: மினிமம் டியூ கட்டிக்கொண்டு வட்டியில் உழல வேண்டாம். வீட்டில் நகை இருந்தால் வங்கியில் வைத்து முழுப் பாக்கியையும் ஒரே நாளில் அடைத்துவிடுங்கள். வங்கி நகைக் கடன் பெரும்பாலும் ஒரு வட்டிக்குள்தான் இருக்கும். நகை இல்லையென்றால், பாக்கியைத் தவணைக் கடனாக மாற்றித் தரும்படி கார்டு கொடுத்த வங்கியிடமே கேளுங்கள். அதன் வட்டி பாதிக்கும் கீழே இறங்கலாம். ஒரு கார்டை இன்னொரு கார்டால் அடைப்பது மட்டும் கூடாது.

கார்டு பிடிக்கவில்லை, கை கட்டுப்படவில்லை என்று தோன்றினால் மூடிவிடலாம். பாக்கியைக் கட்டிவிட்டு எழுத்தில் கேட்டால் 7 வேலை நாளுக்குள் மூட வேண்டும். அதற்கு மேல் இழுத்தடிக்கும் ஒவ்வொரு நாளுக்கும் 500 ரூபாய் வங்கி உங்களுக்குத் தர வேண்டும். "சார், லிமிட் ஏத்தித் தர்றோம், மூடாதீங்க" என்று வரும் அழைப்புக்குப் பதில் சொல்லக் கடமையில்லை. முறையிட்டு 30 நாள் ஆகியும் வங்கி சரியான பதில் தராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணமில்லை, வக்கீலும் வேண்டாம். விவரம் கேட்க 14448 என்ற எண் இருக்கிறது. கார்டு மூடப்பட்டதற்கான மின்னஞ்சலை வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். ஒரு மாதம் கழித்துச் சிபில் அறிக்கையில் அந்தக் கணக்கு 'குளோஸ்டு' என்று காட்டுகிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.